.ஐடியா, .விஎஸ்கோட் கோப்புறைகள்: ரெப்போவுக்குள்ளா, வெளியிலா?

தேனிக்காரன் | திங்கள், காலை 10:12

வணக்கம். எங்கள் டீமில் பழைய சண்டை ஒன்று மறுபடி கிளம்பியிருக்கிறது. ஜாவாவும் கோட்லினும் கலந்த பேக்கெண்ட், பில்டுக்கு கிரேடில் என்ற கருவி. கோட் எழுதும் மென்பொருள் (ஐடிஇ) பெரும்பாலும் இன்டெல்லிஜே, இரண்டு பேர் விஎஸ் கோட், ஒருவர் எக்லிப்ஸை விடவே மாட்டேன் என்கிறார்.

ரெப்போ (கிட்டில் இருக்கும் டீமின் பொதுக் கோட் களஞ்சியம்) தொடங்கிய நாளில், இன்டெல்லிஜே தன் அமைப்புகளை வைக்கும் .ஐடியா கோப்புறையை யாரோ அப்படியே கமிட் செய்து உள்ளே சேர்த்திருக்கிறார்கள். அதிலிருந்து எந்தப் புல் ரிக்வெஸ்டை (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) திறந்தாலும் வொர்க்ஸ்பேஸ்.எக்ஸ்எம்எல் வந்து நிற்கிறது. யார் எந்தப் பிரான்ச்சில் (கிளையில்) இருந்தார், எந்த டெஸ்டைக் கடைசியாக ஓட்டினார் என்பதெல்லாம் டிஃப்பில் (மாற்றப் பட்டியலில்) தெரிகிறது. இரண்டு பேர் ஒரே நாளில் புஷ் செய்தால் கான்ஃப்ளிக்ட் நிச்சயம்.

எங்கள் லீட் "மொத்தமாக கிட்இக்னோரில் போடு" என்கிறார், அதாவது கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலில். இன்னொரு சீனியரோ, புதிதாகச் சேருபவர் க்ளோன் செய்து (ரெப்போவை நகலெடுத்து) திறந்தவுடன் சர்வர் ஓட வேண்டும், கோட் ஸ்டைல் முதல் ரன் கான்ஃபிகரேஷன் (எதை எப்படி ஓட்டுவது என்ற அமைப்பு) வரை உள்ளேயே இருக்க வேண்டும் என்கிறார். இருவரும் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. உங்கள் இடத்தில் என்ன வழக்கம்?

---

அரைத்தூக்கம் | திங்கள், காலை 10:31

லீட் சொல்வதுதான் சரி. தூக்குங்கள்.

கட்டளை வரியில் கிரேடிலை ஓட்டினால் பில்ட் ஆக வேண்டும், டெஸ்ட் ஓட வேண்டும், சர்வர் எழும்ப வேண்டும். இதற்கு ஐடிஇயே தேவைப்படக் கூடாது. ஐடிஇ அமைப்பைப் பகிர்ந்தால்தான் புராஜெக்ட் ஓடுகிறது என்றால் பில்ட் ஸ்கிரிப்டில் ஓட்டை இருக்கிறது, அதை அடைத்துவிடுங்கள். சிஐ சர்வரில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாக பில்ட் செய்து சோதிக்கும் சர்வர்) யாரும் இன்டெல்லிஜே திறந்து பச்சை பொத்தானை அழுத்துவதில்லை.

அப்புறம், விஎஸ் கோட்காரருக்கும் எக்லிப்ஸ்காரருக்கும் .ஐடியா எதற்கு?

---

பழையகீபோர்ட் | திங்கள், மதியம் 12:05

அரைத்தூக்கம் சொல்வதில் பாதி சரி. பில்ட் என்பது ஐடிஇயை நம்பி இருக்கக் கூடாது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதிலிருந்து "எல்லாவற்றையும் தூக்கு" என்ற முடிவுக்கு எப்படிப் போவது?

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். .ஐடியா கோப்புறை வருவதற்கு முன்பு இன்டெல்லிஜே புராஜெக்ட் என்றால் ஒரு .ஐபிஆர், ஒரு .ஐடபிள்யூஎஸ், மாட்யூலுக்கு ஒரு .ஐஎம்எல். ஐபிஆர் டீமுக்குப் பொது. ஐடபிள்யூஎஸ் உங்கள் சொந்த விஷயம், அதைப் பகிராதீர்கள் என்பது அன்றைக்கே விதி. பிறகு எல்லாம் ஒரே கோப்புறைக்குள் போனபோது ஐடபிள்யூஎஸ் செய்த வேலையை வொர்க்ஸ்பேஸ்.எக்ஸ்எம்எல் எடுத்துக்கொண்டது, ஐபிஆர் பல சிறு கோப்புகளாக உடைந்தது. பொது, சொந்தம் என்று பிரிக்கும் எல்லைக்கோடு அழியவில்லை, கோப்புறைக்கு உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான்.

மற்ற கருவிகளிலும் இந்த எல்லைக்கோடு உண்டு. எக்லிப்ஸில் .புராஜெக்ட், .கிளாஸ்பாத், .செட்டிங்ஸ் ஆகியவை புராஜெக்டோடு போகும்; .மெட்டாடேட்டா உங்கள் கணினியிலேயே தங்கும். விஷுவல் ஸ்டுடியோவில் .எஸ்எல்என் பொது, .எஸ்யூஓவும் .யூசரும் தனி. எக்ஸ்கோட் இன்னும் வெளிப்படை: எக்ஸ்சியூசர்டேட்டா, எக்ஸ்சிஷேர்ட்டேட்டா என்று பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் குழாயடி பொது, டிரங்குப் பெட்டி அவரவருடையது என்பது மாதிரி.

இனி உங்கள் .ஐடியாவுக்குள் வருவோம். வொர்க்ஸ்பேஸ்.எக்ஸ்எம்எல், ஷெல்ஃப் கோப்புறை (தற்காலிகமாக ஒதுக்கி வைத்த மாற்றங்கள்), யூசேஜ் ஸ்டாடிஸ்டிக்ஸ் கோப்பு இவை மூன்றும் ரெப்போ பக்கமே வரக் கூடாது. இப்போதைய இன்டெல்லிஜேயில் புதுப் புராஜெக்ட் தொடங்கினால் ஐடிஇயே .ஐடியாவுக்குள் ஒரு கிட்இக்னோர் வைத்து வொர்க்ஸ்பேஸையும் ஷெல்ஃபையும் அதில் எழுதிவிடுகிறது. உங்களுடையது அதற்கு முந்தைய காலத்து ரெப்போவாக இருக்கலாம்.

அடுத்தது, பில்ட் கருவியிலிருந்து ஐடிஇ தானாக உருவாக்குபவை. கிரேடில் அல்லது மேவன் இருந்தால் .ஐஎம்எல், மாட்யூல்ஸ்.எக்ஸ்எம்எல், லைப்ரரீஸ் கோப்புறை இதெல்லாம் இம்போர்ட் செய்யும்போது மறுபடி மறுபடி பிறக்கும். இவற்றைப் பகிர்வது கம்பைல் ஆன கிளாஸ் கோப்பைக் கமிட் செய்வதற்குச் சமம். தூக்கலாம்.

மிச்சம் இருப்பதுதான் உண்மையான விஷயம்: எந்தக் கருவியாலும் ஊகிக்க முடியாத, உங்கள் டீம் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுகள். கோட்ஸ்டைல்ஸ் கோப்புறை. இன்ஸ்பெக்‌ஷன் புரொஃபைல்ஸ் (ஐடிஇ எதற்கெல்லாம் எச்சரிக்க வேண்டும் என்ற விதிகள்). லைசென்ஸ் தலைப்பு வைப்பவர்களுக்குக் காப்பிரைட் கோப்புறை. ரன் கான்ஃபிகரேஷன்கள். அப்புறம் பலருக்குத் தெரியாத ஒன்று, விசிஎஸ்.எக்ஸ்எம்எல். கமிட் மெசேஜில் இருக்கும் டிக்கெட் எண்ணைச் சொடுக்கினால் உங்கள் டிக்கெட் தளத்துக்குப் போகும்படி ஒரு விதி எழுதி வைக்கலாம், அது இந்தக் கோப்பில்தான் உட்காரும். ஒருவர் எழுதினால் டீம் முழுக்க அனுபவிக்கலாம். மொத்தமாகத் தூக்கினால் இவையும் சேர்ந்து போகும்.

---

கத்துக்குட்டி | திங்கள், மதியம் 12:40

அண்ணா, ஒரு சந்தேகம். எங்கள் ரெப்போவில் வொர்க்ஸ்பேஸ் எல்லாம் இல்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மிஸ்க்.எக்ஸ்எம்எல் மட்டும் தினமும் மாறியதாகக் காட்டுகிறது. நான் எதையும் தொடுவதே இல்லை. ரிவர்ட் செய்தால் அடுத்த முறை திறக்கும்போது திரும்ப வருகிறது.

---

பழையகீபோர்ட் | திங்கள், மதியம் 1:15

தம்பி, அந்த டிஃப்பில் புராஜெக்ட் ஜேடிகே (ஜாவா கம்பைலர் அடங்கிய தொகுப்பு) பெயர் மாறியிருக்கும், பாருங்கள். ஒருவருக்கு கொரெட்டோ-17, இன்னொருவருக்கு டெமுரின்-17, மூன்றாமவருக்கு வெறும் 17.

ஜேடிகே எந்தப் பாதையில் இருக்கிறது என்பது உங்கள் ஐடிஇயின் சொந்த அமைப்பில் இருக்கும். புராஜெக்டில் இருப்பது அதன் பெயர் மட்டும்தான். அந்தப் பெயரில் ஒரு ஜேடிகே உங்களிடம் இல்லையென்றால் ஐடிஇ வேறொன்றை எடுத்துக்கொண்டு அந்தப் பெயரை எழுதிவிடும், அல்லது நீங்கள் கேட்ட இடத்தில் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். இப்படியே கோப்பு ஊஞ்சலாடும்.

வழி இரண்டு. டீமில் எல்லோரும் ஜேடிகேவுக்கு ஒரே பெயர் வைத்துக்கொள்வது. நிறுவனம் எதுவாகவும் இருக்கட்டும், பெயர் "17" என்று இருந்தால் போதும், அமைப்பில் போய்ப் பெயரை மாற்றிவிடலாம். இல்லையென்றால் மிஸ்க்.எக்ஸ்எம்எல்லை விலக்கிவிட்டு ஜாவா பதிப்பை கிரேடில் டூல்செயினில் (எந்த ஜாவா என்று பில்டிலேயே சொல்லும் இடம்) எழுதுவது. கிரேடில் இருக்கும் இடத்தில் எனக்குப் பிடித்தது இரண்டாவது. கம்பைலர்.எக்ஸ்எம்எல், கோட்லின்சி.எக்ஸ்எம்எல் இரண்டுக்கும் இதே வியாதி உண்டு, இதே மருந்துதான்.

---

அரைத்தூக்கம் | திங்கள், மதியம் 1:22

பார்த்தீர்களா. மிஸ்க்கை விலக்கு, கம்பைலரை விலக்கு, கோட்லின்சியை விலக்கு. விலக்கும் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஐடிஇ அடுத்த பதிப்பில் புதிதாக ஒரு எக்ஸ்எம்எல் போடும், அதையும் யாராவது ஒருவர் கமிட் செய்வார், நாம் இங்கே வந்து மறுபடி பேசுவோம்.

---

பழையகீபோர்ட் | திங்கள், மதியம் 1:30

அதற்குத்தான் பட்டியலைத் திருப்பிப் போடுவது. எதை விலக்குவது என்று எழுதாமல் எதை அனுமதிப்பது என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் விலக்கி, நான்கைந்தை மட்டும் உள்ளே விடுங்கள். புதிதாக எது வந்தாலும் வாசலிலேயே நிற்கும்.

---

வடக்குவீதி | திங்கள், மாலை 4:48

விஎஸ் கோட் தரப்பிலிருந்து. இங்கே .விஎஸ்கோட் கோப்புறையில் பொதுவாக நான்கு கோப்புதான்: செட்டிங்ஸ், எக்ஸ்டென்ஷன்ஸ், லாஞ்ச், டாஸ்க்ஸ். கிட்ஹப்பில் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் கிட்இக்னோர் வார்ப்புருக்களிலும் விஎஸ் கோடுக்கான கோப்பு இப்படித்தான் இருக்கிறது. கோப்புறையை விலக்கி இந்த நான்கையும் ஸ்னிப்பெட் கோப்புகளையும் திரும்ப உள்ளே எடுக்கிறது. பழையகீபோர்ட் சொன்ன அதே முறை.

எக்ஸ்டென்ஷன்ஸ்.ஜேசன் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் புராஜெக்டைத் திறந்தவுடன் "இந்த நீட்சிகளை நிறுவலாமா" என்று கேட்கும், அவ்வளவே. யாரையும் கட்டாயப்படுத்தாது. வேண்டாத நீட்சிகளைக் குறிக்கவும் அதில் ஓர் இடம் உண்டு.

செட்டிங்ஸ்.ஜேசன்தான் கவனிக்க வேண்டியது. விஎஸ் கோடில் புராஜெக்ட் அமைப்பு என் சொந்த அமைப்பை வென்றுவிடும். ஆகவே அங்கே எழுதும் ஒவ்வொரு வரியும் இன்னொருவர் கணினியில் நீங்கள் கை வைப்பதுதான். சேமிக்கும்போது ஃபார்மேட் செய், ஃபார்மேட்டர் இது, டைப்ஸ்கிரிப்ட் பதிப்பு புராஜெக்டில் இருப்பதையே எடுத்துக்கொள் — இவை சரி. ஒருமுறை ஒருவர் தன் கலர் தீமையும் எழுத்து அளவையும் அதில் சேர்த்து மெர்ஜ் செய்துவிட்டார். காலையில் வந்து திறந்தால் டீமுக்கே திரை வெள்ளைவெளேர் என்று இருக்கிறது. எனக்கு அன்று முழுக்கக் கண் எரிந்தது, வேறென்ன சொல்ல.

லாஞ்ச்.ஜேசனில் பாதைகளை முழுதாக எழுதாதீர்கள். வொர்க்ஸ்பேஸ்ஃபோல்டர் மாறியைப் பயன்படுத்துங்கள். இன்டெல்லிஜே இதைத் தானே செய்துகொள்கிறது என்று கேள்வி.

---

பழையகீபோர்ட் | திங்கள், மாலை 5:10

ஆமாம். புராஜெக்டுக்குள் இருக்கும் பாதையை புராஜெக்ட்_டிர் என்ற மாறியாகவும் வீட்டு அடைவுக்குள் இருப்பதை யூசர்_ஹோம் என்றும் மாற்றித்தான் எழுதும். இரண்டுக்கும் வெளியே இருப்பது அப்படியே போய்விடும். விண்டோஸ்காரரின் டி டிரைவ் பாதை மேக்காரரின் ரெப்போவில் வந்து உட்காருவது அப்படித்தான்.

---

அரைத்தூக்கம் | திங்கள், இரவு 9:02

சரி, இன்னொரு பக்கம் வருகிறேன். கோட் ஸ்டைல் பகிர வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அதை ஏன் ஒரு ஐடிஇயின் கோப்புறைக்குள் வைக்கிறீர்கள்? தேனிக்காரன் டீமில் மூன்று எடிட்டர். .ஐடியாவில் வைத்தால் இன்டெல்லிஜேகாரர்களுக்கு மட்டும் சட்டம், மற்றவர்களுக்குச் சுதந்திரம்.

ஓர் உதாரணம். ஒரே பேக்கேஜிலிருந்து ஐந்து கிளாஸ் இம்போர்ட் ஆனால் இன்டெல்லிஜே இயல்பாகவே அதை நட்சத்திர இம்போர்ட்டாகச் சுருக்கிவிடும். எக்லிப்ஸில் அந்த எண் 99. ஒரே கோப்பை இவர் தொட்டால் சுருங்கும், அவர் தொட்டால் விரியும். ரிவியூ செய்பவர் நாற்பது வரி இம்போர்ட் டிஃப்பைத் தாண்டித்தான் உண்மையான இரண்டு வரி மாற்றத்தைக் காண வேண்டும்.

எடிட்டர்கான்ஃபிக் என்ற, எல்லா எடிட்டருக்கும் பொதுவான ஸ்டைல் கோப்பு ரெப்போவின் வேரில் இருந்தால் இன்டெல்லிஜே அதைத் தானே படிக்கும், விஷுவல் ஸ்டுடியோவும் 2017 பதிப்பிலிருந்து படிக்கிறது, விஎஸ் கோடுக்கு ஒரு நீட்சி போட்டால் போதும். இன்டெல்லிஜேயின் நுணுக்கமான விருப்பங்களையும் ஐஜே_ என்று தொடங்கும் சாவிகளாக அதிலேயே எழுதலாம், மேலே சொன்ன இம்போர்ட் எண் உட்பட. வரி முடிவுக்கு கிட்ஆட்ரிபியூட்ஸ். கோட்லினுக்கு கிரேடில்.பிராப்பர்டீஸில் கோட்லின் கோட் ஸ்டைல் "அஃபிஷியல்" என்று ஒரு வரி எழுதினால் ஐடிஇ அதை எடுத்துக்கொள்கிறது.

இவற்றுக்கும் மேலே ஒரு ஃபார்மேட்டரை (கோட் வடிவத்தைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவி) பில்டில் செருகுங்கள். ஸ்பாட்லெஸ், கேடிலின்ட், கூகுள் ஜாவா ஃபார்மேட், எதுவோ ஒன்று. கோ மொழிக்காரர்கள் கோஃபம்ட்டைத் தொடக்கத்திலேயே கையில் கொடுத்துவிட்டார்கள். அங்கே எந்த எடிட்டரில் எழுதினாய் என்று யாரும் கேட்பதே இல்லை. பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்குப் பிரிட்டியர். சிஐயில் ஃபார்மேட் தவறினால் பில்ட் சிவப்பு. இதற்குப் பிறகு கோட்ஸ்டைல்ஸ் கோப்புறைக்கு என்ன வேலை மிச்சம்?

---

பழையகீபோர்ட் | திங்கள், இரவு 9:40

இந்தப் பதிவுக்கு முழு மதிப்பெண். மூன்று எடிட்டர் இருக்கும் டீமில் ஸ்டைல் நிச்சயம் எடிட்டர்கான்ஃபிக்குக்கும் ஃபார்மேட்டருக்கும்தான் போக வேண்டும். எல்லோரும் இன்டெல்லிஜே என்றால் மட்டும் கோட்ஸ்டைல்ஸ் போதும்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ரெப்போவில் ஃபார்மேட்டரை முதல்முறை ஓட்டும்போது அதைத் தனி கமிட்டாக, வேறு எந்த மாற்றமும் கலக்காமல் போடுங்கள். பிறகு அந்த கமிட்டின் ஹேஷை கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் கோப்பில் எழுதி வையுங்கள். 2019இல் வந்த கிட் 2.23 முதல் பிளேம் (எந்த வரியை யார் மாற்றினார் என்ற பட்டியல்) பார்க்கும்போது அந்த கமிட்டைத் தாண்டிப் போகச் சொல்லலாம், கிட்ஹப்பும் அந்தக் கோப்பை மதிக்கிறது. இல்லையென்றால் எந்த வரியைப் பார்த்தாலும் ஃபார்மேட்டரை ஓட்டிய அந்த ஒரு ஆளின் பெயர்தான் வரும், பாவம்.

ஆனால் ரன் கான்ஃபிகரேஷனையும் இன்ஸ்பெக்‌ஷன் புரொஃபைலையும் எடிட்டர்கான்ஃபிக்கில் வைக்க முடியாது.

---

அரைத்தூக்கம் | திங்கள், இரவு 9:44

ரன் கான்ஃபிகரேஷனுக்கு ரீட்மீ கோப்பில் குறிப்பு எழுதினால் போதும்.

---

பழையகீபோர்ட் | திங்கள், இரவு 9:51

ரீட்மீயை யார் புதுப்பிக்கிறார்கள்?

ரன் கான்ஃபிகரேஷன் இயல்பாக வொர்க்ஸ்பேஸ்.எக்ஸ்எம்எல்லுக்குள்தான் போகும். அதைத் திருத்தும் பெட்டியில் "புராஜெக்ட் கோப்பாகச் சேமி" என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைத் தட்டினால் தனி எக்ஸ்எம்எல்லாக வெளியே வரும். இடத்தையும் நீங்களே சொல்லலாம்: .ஐடியாவுக்குள் ரன்கான்ஃபிகரேஷன்ஸ் கோப்புறை, அல்லது ரெப்போவின் வேரில் .ரன் என்ற கோப்புறை. கவனியுங்கள், .ரன் கோப்புறை .ஐடியாவுக்கு வெளியே இருக்கிறது. உங்கள் லீட் .ஐடியாவை மொத்தமாக விலக்கினாலும் அந்தச் சீனியர் கேட்ட "திறந்தவுடன் ஓட வேண்டும்" நடந்துவிடும். சண்டையே பாதி தீர்ந்தது.

---

மீன்கொத்தி | செவ்வாய், காலை 8:20

யாரும் இதுவரை தொடாத ஒன்று. பகிர்வதற்கு முன்பு அந்த ரன் கான்ஃபிகரேஷனைத் திறந்து படித்தீர்களா?

சூழல் மாறிகள் என்ற கட்டத்தில் டேட்டாபேஸ் கடவுச்சொல், கிளவுட் சாவி, பேமென்ட் டோக்கன் எல்லாவற்றையும் ஒட்டி வைத்திருப்பார்கள். வொர்க்ஸ்பேஸ்.எக்ஸ்எம்எல்லில் இருந்தவரை அது உள்ளூர் விஷயம். "புராஜெக்ட் கோப்பாகச் சேமி" என்று தட்டிய அடுத்த நொடி அது சாதா உரையாக எக்ஸ்எம்எல்லில் இருக்கிறது, கமிட் ஆகிறது. லாஞ்ச்.ஜேசனிலும் இதே கதை. அங்கே என்விஃபைல் என்று ஒரு தெரிவை நோட், பைத்தான், கோ டீபக்கர்கள் ஏற்கின்றன. சாவிகளை வேறு கோப்பில் வைத்து அந்தக் கோப்பை விலக்கிவிடலாம்.

டேட்டாபேஸ் இணைப்புகளை இன்டெல்லிஜே ஓரளவு நன்றாகப் பிரித்திருக்கிறது. டேட்டாசோர்சஸ்.எக்ஸ்எம்எல்லில் இணைப்பு முகவரி, டேட்டாசோர்சஸ்.லோக்கல்.எக்ஸ்எம்எல்லில் பயனர் பெயர் முதலான உள்ளூர் விவரம், கடவுச்சொல் இரண்டிலும் இல்லாமல் தனிப் பெட்டகத்தில். ஆனால் முகவரியிலேயே கடவுச்சொல்லைச் சேர்த்து எழுதுபவர்களை எந்தக் கருவியும் காப்பாற்றாது. எச்டிடிபி கிளையன்ட் கோப்புகளுக்கும் பொது, பிரைவேட் என்று இரண்டு சூழல் கோப்பு உண்டு. டோக்கன் பிரைவேட்டில்தான் இருக்க வேண்டும்.

ஏற்கனவே கமிட் ஆகியிருந்தால் முதலில் சாவியை மாற்றுங்கள். ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு. நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஃபில்டர்-ரெப்போ ஓட்டி ஹிஸ்டரியை மாற்றி எழுதினாலும் ஏற்கனவே க்ளோன் எடுத்தவர்களிடம் பழைய சாவி அப்படியே இருக்கும்.

இது வெளியே போகும் ஆபத்து. உள்ளே வரும் ஆபத்தும் இருக்கிறது. டாஸ்க்ஸ்.ஜேசனில் ஒரு டாஸ்க்குக்கு "கோப்புறை திறந்தவுடன் ஓடு" என்று எழுத முடியும். யாரோ அனுப்பிய ரெப்போவைத் திறந்தாலே ஒரு கட்டளை ஓடும் என்று அர்த்தம். 2021இல் விஎஸ் கோட் 1.57 பதிப்பில் "இந்த ஆசிரியர்களை நம்புகிறீர்களா" என்று கேட்கும் பெட்டி வந்ததற்கு இந்த மாதிரி வழிகள்தான் காரணம். இன்டெல்லிஜேவும் இப்போது கேட்கிறது. கையை ஓங்கி "ஆம்" அழுத்துவதற்கு முன்பு கோப்புறையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேலைக்கான நேர்காணல் பயிற்சி என்று சொல்லி யாரோ அனுப்பும் ரெப்போ என்றால் இன்னும் கவனம்.

கிட்டில் ஹூக்குகள் (தானாக ஓடும் ஸ்கிரிப்ட்கள்) க்ளோனோடு ஏன் வருவதில்லை என்று யோசித்திருக்கிறீர்களா? இதே காரணம்தான். ஐடிஇ கோப்புறை வரும். ஆகவே அதில் வரும் மாற்றத்தையும் ரிவியூவில் கோட் மாதிரியே படிக்க வேண்டும். "செட்டிங்ஸ்தானே" என்று ஸ்க்ரோல் செய்து போகக் கூடாது.

---

கத்துக்குட்டி | செவ்வாய், காலை 8:55

அக்கா, அந்த நம்பிக்கைப் பெட்டியை நான் படித்ததே இல்லை. எப்போதும் ஆம்தான்.

---

மீன்கொத்தி | செவ்வாய், காலை 9:01

நீங்கள் மட்டுமில்லை. வேண்டாம் என்று அழுத்தினால் கட்டுப்படுத்தப்பட்ட நிலையில் திறக்கும். நிரலைப் படிக்கலாம், டாஸ்க்கும் டீபக்கும் ஓடாது. தெரியாத ரெப்போவை முதலில் அப்படியே திறந்து பாருங்கள்.

---

தேனிக்காரன் | செவ்வாய், காலை 11:30

இவ்வளவு விவரத்தை எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மீன்கொத்தி பதிவைப் பார்த்துவிட்டு எங்கள் ஹிஸ்டரியில் தேடினேன். ஸ்டேஜிங் டேட்டாபேஸின் கடவுச்சொல் ஒன்று இருந்தது. மாற்றச் சொல்லியாகிவிட்டது.

இப்போது ஒரு நடைமுறைக் கேள்வி. அனுமதிப் பட்டியல் முறையில் எழுதினேன். முதல் வரியில் .ஐடியா/ என்று விலக்கி, அடுத்த வரியில் ஆச்சரியக்குறி போட்டு !.ஐடியா/இன்ஸ்பெக்‌ஷன்புரொஃபைல்ஸ்/ என்று திரும்பச் சேர்த்தேன். வேலை செய்யவில்லை. அந்தக் கோப்புறை கிட்டின் கண்ணிலேயே படவில்லை.

---

வடக்குவீதி | செவ்வாய், காலை 11:38

முதல் வரியில் ஒரு நட்சத்திரம் குறைகிறது. .ஐடியா/ என்று எழுதினால் கோப்புறையையே விலக்குகிறீர்கள். கிட் அதற்குள் எட்டிப் பார்ப்பதே இல்லை, ஆகவே உள்ளே எதையும் திரும்பச் சேர்க்க முடியாது. .ஐடியா/* என்று எழுதுங்கள். அப்போது கோப்புறை இருக்கும், உள்ளடக்கம் மட்டும் விலகும், ஆச்சரியக்குறி வரிகள் வேலை செய்யும்.

யாருடைய கணினியிலாவது குளோபல் கிட்இக்னோரில் .ஐடியா இருந்தால் பயப்பட வேண்டாம், ரெப்போவின் கோப்புக்குத்தான் முன்னுரிமை. ஆனால் அங்கே .ஐடியா/ என்று கோப்புறையாகவே விலக்கியிருந்தால் ரெப்போவில் !.ஐடியா/ என்று ஒரு வரி முதலில் போட்டு, பிறகு நட்சத்திர வரியை எழுதுங்கள்.

---

பழையகீபோர்ட் | செவ்வாய், மதியம் 12:14

கிட்இக்னோரில் எழுதினால் மட்டும் போதாது, ஏற்கனவே கண்காணிப்பில் இருக்கும் கோப்பை அது கண்டுகொள்ளாது. கிட் ஆர்எம் கட்டளையில் கேஷ்ட் தெரிவைச் சேர்த்து அவற்றை இன்டெக்ஸிலிருந்து (கிட்டின் கண்காணிப்புப் பட்டியல்) எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அப்படி எடுத்தால் உங்கள் கணினியில் கோப்பு அப்படியே இருக்கும். ஆனால் அந்த கமிட்டை மற்றவர்கள் புல் செய்யும்போது அவர்கள் கணினியில் அந்தக் கோப்புகள் அழிந்துவிடும். வொர்க்ஸ்பேஸ்.எக்ஸ்எம்எல் போனால் அவர்களுடைய உள்ளூர் ரன் கான்ஃபிகரேஷன்களும் பிரேக்பாயின்ட்களும் சேர்ந்து போகும். ஆகவே முந்தின நாளே சொல்லிவிடுங்கள், .ஐடியாவை வேறு எங்காவது நகல் எடுத்துக்கொண்டு, ஐடிஇயை மூடிவிட்டுப் புல் செய்யட்டும், பிறகு வொர்க்ஸ்பேஸை அதே இடத்தில் வைக்கட்டும்.

நீண்ட நாள் உயிரோடு இருக்கும் ரிலீஸ் பிரான்ச்கள் இருந்தால் அவற்றிலும் இதே கமிட்டைச் செரி-பிக் செய்யுங்கள் (அந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சேருங்கள்). ஒரு பிரான்ச்சில் .ஐடியா கண்காணிப்பில், இன்னொன்றில் இல்லை என்றால், மாறி மாறிப் போகும்போது கோப்புகள் தோன்றி மறையும், திறந்திருக்கும் ஐடிஇ குழம்பிப் போய் மறுபடி மறுபடி இன்டெக்ஸ் செய்யும்.

யாராவது ஸ்கிப்-வொர்க்ட்ரீ, அஸ்யூம்-அன்சேஞ்ச்ட் என்று குறுக்கு வழி சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்காணிப்பில் உள்ள கோப்பில் நம் மாற்றத்தை மறைத்து வைக்க அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று கிட் ஆவணமே சொல்கிறது. ரெப்போவில் அந்தக் கோப்பு மாறும் நாளில் புல் நின்றுவிடும், ஏன் நின்றது என்று அந்த ஆளுக்கே நினைவிருக்காது.

---

ஆப்பிள்மரம் | செவ்வாய், மதியம் 2:26

ஐஓஎஸ் ஆள். உங்கள் சண்டையைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது. எக்ஸ்கோடில் புராஜெக்ட்.பிபிஎக்ஸ்பிராஜ் கோப்பைப் பகிராமல் இருக்கவே முடியாது, பில்டே அதுதான். இரண்டு பேர் ஆளுக்கொரு கோப்பைச் சேர்த்தால் கான்ஃப்ளிக்ட். எக்ஸ்கோட் 16இல் கோப்புறைகளை அப்படியே ஒத்திசைக்கும் வசதி வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடுகிறோம்.

புதியவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: ஸ்கீமை (எதை எப்படி பில்ட், டெஸ்ட் செய்வது என்ற எக்ஸ்கோட் அமைப்பு) "ஷேர்ட்" என்று தட்டாவிட்டால் அது எக்ஸ்சியூசர்டேட்டாவுக்குள் இருந்துவிடும். உங்கள் மேக்கில் ஓடும் டெஸ்ட் சிஐயில் "அப்படி ஒரு ஸ்கீமே இல்லை" என்று விழும். இங்கே பகிர்வது விருப்பம் அல்ல, தேவை.

---

எக்லிப்ஸ்பக்தன் | செவ்வாய், மாலை 6:15

தேனிக்காரன் சொல்லும் "எக்லிப்ஸை விடாத ஒருவர்" மாதிரி ஆட்கள் எல்லா டீமிலும் உண்டு, நான் இன்னொரு ஊரில். எங்களுக்காகவும் இரண்டு வரி.

.கிளாஸ்பாத்தும் .புராஜெக்டும் கிரேடிலிலிருந்து பில்ட்ஷிப் என்ற எக்லிப்ஸ் நீட்சி உருவாக்கிக்கொள்ளும், அதைப் பகிர வேண்டாம். .செட்டிங்ஸ் கோப்புறையில் ஜேடிடி கோர் பிரெஃப்ஸ் என்று ஒன்று இருக்கும். கம்பைலர் எச்சரிக்கை நிலைகளும் ஃபார்மேட்டர் விதிகளும் அதில்தான். அதைப் பகிர்ந்தால் எங்களுக்கும் டீமின் சட்டம் தெரியும். ஆனால் அரைத்தூக்கம் சொன்னபடி பில்டிலேயே ஃபார்மேட்டர் இருந்தால் அதுவும் தேவைப்படாது. இம்போர்ட் எண் 99 பற்றி அவர் சொன்னது சரி, அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

---

தேனிக்காரன் | வெள்ளி, மாலை 5:50

நேற்று டீமில் உட்கார்ந்து பேசினோம். நடந்ததைச் சொல்கிறேன்.

.ஐடியா/* விலக்கு. உள்ளே விடுவது இன்ஸ்பெக்‌ஷன்புரொஃபைல்ஸ், விசிஎஸ்.எக்ஸ்எம்எல் இரண்டு மட்டும். ரன் கான்ஃபிகரேஷன்கள் .ரன் கோப்புறையில், சாவிகள் இல்லாமல். மாறிகள் உள்ளூர் என்வி கோப்பிலிருந்து வரும், அதன் மாதிரி நகல் மட்டும் ரெப்போவில். ஸ்டைல் முழுக்க எடிட்டர்கான்ஃபிக், கூடவே பில்டில் ஸ்பாட்லெஸ். ஜாவா பதிப்பு டூல்செயினில். .விஎஸ்கோடில் எக்ஸ்டென்ஷன்ஸும் லாஞ்ச்சும், செட்டிங்ஸ்.ஜேசனில் மூன்றே வரி, நான்காவது வரி சேர்க்க வேண்டுமானால் இரண்டு பேர் ஒப்புதல்.

லீடும் சீனியரும் இரண்டு பேருமே தாங்கள் ஜெயித்ததாக நினைக்கிறார்கள், நான் எதுவும் சொல்லவில்லை.

ஒரு விஷயம் மட்டும் முடிவாகவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் புரொஃபைலை யார் மாற்றலாம்? ஒருவர் ஒரு எச்சரிக்கையைத் தொந்தரவு என்று அணைக்கிறார், அடுத்த வாரம் இன்னொருவர் அதையே எரர் ஆக்குகிறார்.

---

பழையகீபோர்ட் | வெள்ளி, இரவு 7:33

புரொஃபைல் கோப்புக்கு கோட்ஓனர்ஸில் (எந்தக் கோப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதும் கோப்பு) ஒரு வரி போடுங்கள், மாற்றம் எப்போதும் தனிப் புல் ரிக்வெஸ்டாக வரட்டும், காரணம் விளக்கத்தில் இருக்கட்டும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தொந்தரவு என்றால் அந்த வரியிலேயே சப்ரெஸ் செய்யட்டும், டீம் முழுக்க அணைக்க வேண்டாம். தனக்கு மட்டும் பிடிக்கவில்லை என்பவருக்கும் வழி உண்டு: புரொஃபைல்கள் புராஜெக்ட் அளவிலும் ஐடிஇ அளவிலும் தனித்தனி, அவர் தன் ஐடிஇயில் ஒன்றை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

---

அரைத்தூக்கம் | வெள்ளி, இரவு 7:41

அல்லது அந்த விதியைச் சிஐயில் ஓடும் லின்டருக்கு (விதிமீறலைத் தேடும் கருவி) மாற்றுங்கள். அனுமதிப் பட்டியலில் இரண்டு வரி இருக்கிறது, ஒன்றாகிவிடும்.

---

பழையகீபோர்ட் | வெள்ளி, இரவு 7:43

விசிஎஸ்.எக்ஸ்எம்எல்லை மட்டும் தொடாதீர்கள், டிக்கெட் லிங்க் அதில்தான் இருக்கிறது.